நமக்குப் பின் பிள்ளையை யார் பார்ப்பார்கள்: வேலூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அறிவுசார் குறைபாடுள்ள மகனோ மகளோ 18 வயதை எட்டியதும், சட்டத்தின் பார்வையில் பெற்றோர் தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை. ஆகவே, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பியுங்கள். நியமிக்கப்பட்டவர் 6 மாதங்களுக்குள் பிள்ளையின் சொத்து விவரத்தை ஒப்படைக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். நீங்கள் அரசு ஓய்வூதியம் பெறுபவரானால், குடும்ப ஓய்வூதியத்துக்குரியவராகப் பிள்ளையின் பெயரை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

காகிதங்களைவிட முக்கியமானது ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்த மாத்திரை எந்த நேரத்தில், வலிப்பு வருமுன் முகம் எப்படி மாறும், குழம்பைச் சோற்றில் பிசைந்து வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவாரா, தனிக்கிண்ணத்தில் வைத்தால் சாப்பிடுவாரா என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த இந்தச் செய்திகள் அவரோடு போய்விடக் கூடாது. வேலூர் வெயிலில் தாகத்தைச் சொல்லத் தெரியாதவருக்கு எத்தனை மணிக்கொரு முறை தண்ணீர் தர வேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.

அடுத்துப் பொறுப்பேற்கவிருக்கும் அண்ணனோ அத்தையோ, மாதம் இரண்டு நாளாவது பிள்ளையோடு தனியாக இருந்து பழகட்டும். குளிப்பாட்டுவதையும் மருந்து கொடுப்பதையும் அவரே செய்யட்டும். நீங்கள் குறுக்கே போகாதீர்கள். காப்பகம்தான் வழி என்றால், முன்னறிவிப்பின்றிச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள்.