‘மருந்து கேட்கவில்லை’ என்று எழுதும் முன்

கோலாலம்பூரில் பிள்ளைகள் மனநலப் பிரிவுக்குப் புதிதாக வரும் எம்ஓக்கள் (மருத்துவ அதிகாரிகள்) பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எடை பார்ப்பது, இரத்தப் பரிசோதனை எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மனச்சிதைவு உள்ள பதின்ம வயதுப் பிள்ளைக்கு மருந்து கேட்குமா என்று முதல் சில வாரங்களில் கணிக்கும்போது நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முப்பதைக் கழிக்காத கணக்கு

மனச்சிதைவின் நோய்க்குறிகள் எவ்வளவு கடுமை என்று அளக்கும் பான்ஸ் (PANSS) அளவுகோலில் 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். நோய்க்குறி அறவே இல்லாதவருக்கும் 30 வந்துவிடும். அதைக் கழித்துவிட்டுத்தான் சதவீதம் போட வேண்டும்.

படிவம் நான்கு படிக்கும் பையன் ஒருவன். மனச்சிதைவு மருந்தான ரிஸ்பெரிடோன் தொடங்கியபோது பான்ஸ் மதிப்பெண் 94, மூன்றாம் வாரம் 80. எம்ஓ 14-ஐ 94-ஆல் வகுத்தார், 15 சதவீதம்கூட வரவில்லை. தொடக்க முன்னேற்றத்துக்கு வழக்கமாக வைக்கும் 20 சதவீத எல்லையைத் தொடவில்லை என்று சொல்லி, ஃபைலில் ‘மருந்து கேட்கவில்லை’ என எழுதி, ஒலான்சபின் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். 94-இல் 30 போனால் 64. 14-ஐ 64-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22. மருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது!

அவன் அம்மாவிடம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். “ஜன்னல்ல ஒட்டி வச்சிருந்த பேப்பரை அவனே கிழிச்சிட்டான் டாக்டர். ராத்திரி எங்ககூட உக்காந்து சாப்பிடுறான்,” என்றார். இல்லாத குரல் அவன் காதில் இன்னும் கேட்கத்தான் செய்தது, ஆனால் அதற்குப் பதில் பேசுவது குறைந்திருந்தது.

ஒலான்சபின்னில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே எடை அதிகம் ஏறும். இவனுக்கும் ஏறியது. பள்ளிச் சட்டை பற்றாமல் போய், வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தான். எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை, ஏனென்றால் ஃபைலில் எழுதிய அந்த ஒரு வரி அங்கேயே நிற்கும். அடுத்த மருந்தும் சரிவராவிட்டால், இரண்டு மருந்து தோற்றது என்று கணக்காகி, பேச்சு, மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்குக் கொடுக்கும் குளோசபின்னுக்குப் போய்விடும். தேவைப்படும் பிள்ளைக்கு அது அருமையான மருந்து. தேவையில்லாத பிள்ளையை எதற்காக வாராவாரம் ஊசி குத்தி இரத்தம் எடுக்க வைப்பது?

இரண்டாம் வாரத்திலேயே தீர்ப்பு

2003-இல் ஆகித் (Agid) என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட பகுப்பாய்வில், முதல் இரண்டு வாரங்களில் வந்த முன்னேற்றம் அடுத்த இரண்டு வாரங்களில் வந்ததைவிட அதிகம். அதனால் ஆறு வாரம் சும்மா காத்திருப்பதும் சரியில்லை. ஆனால் அது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளுக்கு டோஸை மெல்லத்தான் ஏற்றுகிறோம், இரண்டாம் வாரத்தில் பல பேர் முழு டோஸையே எட்டியிருக்கமாட்டார்கள். 13 முதல் 17 வயதுள்ளோருக்கு அரிபிப்ரசோல் என்ற மனச்சிதைவு மருந்து கொடுத்த ஆறு வார ஆய்வில், மூன்றாம் வாரம் முன்னேறியவர்களே முடிவிலும் நன்றாக இருந்தார்கள். நான் மூன்றாம் வாரத்தைத்தான் பார்ப்பேன்.

கால் நிலைகொள்ளாமை

அது அகத்தீசியாவாக, அதாவது மருந்தின் பக்கவிளைவாக வரும் இருப்புக்கொள்ளாமையாக இருக்கலாம். நோய் முற்றுகிறது என்று டோஸை ஏற்றாதீர்கள்.

விழுங்கினானா?

மருந்து கேட்கவில்லை என்று முடிவெடுக்கும் முன், மாத்திரையை விழுங்கினானா என்று முதலில் கேளுங்கள்.

பெற்றோரிடம் தீர்ப்பு சொல்வது

பிள்ளைகளின் மனச்சிதைவுக்கு மூன்று மருந்துகளை ஒப்பிட்டு 2008-இல் வெளியான டியாஸ் (TEOSS) ஆய்வில், எட்டு வாரத்தில் எந்த மருந்திலும் பலன் கிடைத்த பிள்ளைகள் பாதியைத் தாண்டவில்லை. ஆகவே முதல் மருந்து சரிவராத வீடுகள் நிறைய இருக்கும். “இந்த மருந்து போதவில்லை அம்மா, வேறு பார்ப்போம்,” என்று சொல்லலாம். “பையனுக்கு மருந்தே கேட்காது” என்று எந்தத் தாயிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்கோர் போடுபவர்

முதல் நாள் பான்ஸ் மதிப்பெண் போட்டவரே மூன்றாம் வாரமும் போடட்டும்.