பிராங்க்ளின் பாடத்தை மொட்டை மாடியில் நடத்துவது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இங்கிலாந்தின் ஆட்சியை எதிர்த்த அமெரிக்கப் புரட்சிக்குப் பிரான்ஸ் உதவியது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த வரிக்குள்தான் கதையே இருக்கிறது.

பிரான்சிடம் உதவி கேட்க அமெரிக்கர்கள் அனுப்பிய தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின். முதலில் அவர் பேரையே எடுக்காதீர்கள். “ஒரு ராஜா எதுக்குப் புரட்சிக்கு உதவணும்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் முழிப்பார்கள். அப்போது பாரிமுனைப் பக்கம் கையைக் காட்டுங்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கறுப்பர் நகரத்துக்குள் புகுந்து கோட்டையை முற்றுகையிட்டது அங்கேதான். பிப்ரவரியில் மூட்டை கட்டினார். 1761இல் புதுச்சேரியே பறிபோனது. அந்தப் பக்கம் கனடாவும் போயிற்று. இங்கிலாந்தின் மேல் பிரான்சுக்கு அவ்வளவு காந்தல்.

அப்புறம் பிராங்க்ளின் கிழவரை இறக்குங்கள். 1776 டிசம்பர், வயது 70, கூட இரண்டு பேரன்கள். பொய்முடி வைக்காமல் ரோமத் தொப்பியோடு பாரிசில் வலம் வந்தார். நான் ஒரு பையன் தலையில் மங்கி குல்லாவை மாட்டிவிடுவேன், வெயில் காலமானாலும் சரி. மின்னலை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி அவர். காட்டிலிருந்து வந்த எளிய ஞானி என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

பொமார்ஷே என்ற நாடகக்காரர் பினாமி கம்பெனி வைத்து அமெரிக்காவுக்கு ரகசியமாகத் துப்பாக்கி அனுப்பியதை இரண்டு வரியில் சொன்னால் போதும்.

இப்போது நாடகம். ஒருத்தி வெளியுறவு மந்திரி வெர்ஜென், ஒருவன் இங்கிலாந்தின் ஆள், குல்லா போட்டவன் பிராங்க்ளின். வகுப்பிலேயே வாய் திறக்காத பிள்ளையைச் அமெரிக்கத் தூதுக்குழுவின் செயலாளர் பேங்க்ராஃப்ட் ஆக்கி, கேட்டதையெல்லாம் சீட்டில் எழுதி இங்கிலாந்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நிஜத்தில் அவர் ஒற்றர். கடைசிவரை பிராங்க்ளினுக்குத் தெரியாது.

முதல் தடவை நடத்தியபோது பிராங்க்ளினை மந்திரியிடம் கெஞ்ச வைத்தேன். சப்பென்று போய்விட்டது. தப்பு என்னுடையது. அமெரிக்காவில் சரடோகா என்ற இடத்தில் ஆங்கிலப் படை சரணடைந்த சேதி 1777 டிசம்பர் 4 அன்று வந்த பிறகு அவர் கெஞ்சவில்லை. ஜனவரி 6 அன்று இங்கிலாந்தின் ஆளோடு சாப்பிட உட்கார்ந்தார். இவர்கள் சமாதானமாகிவிடுவார்களோ என்று பிரான்சுக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாளே மந்திரிசபை கூட்டணிக்கு இசைந்தது. ஆகவே உங்கள் குல்லாக்காரனிடம், “மந்திரி பக்கமே திரும்பாதே, பிஸ்கட்டைத் தின்னு” என்று மட்டும் சொல்லுங்கள். மந்திரி தானாக எழுந்து வருவாள்.

1778 பிப்ரவரி 6, கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்து. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பல்கள் கடலை அடைத்து நின்றதை அப்படியே தொட்டுவிட்டு, மறுபடி நம் பக்கம் வாருங்கள். அதே 1778 அக்டோபரில் ஹெக்டர் மன்றோ தலைமையில் ஆங்கிலேயரின் சென்னைப் படை புதுச்சேரியைப் பிடித்தது.

“அமெரிக்காவுக்காகக் கையெழுத்துப் போட்டா பாண்டிச்சேரிக்கு ஏன் மிஸ் அடி விழணும்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். உடனே பதில் சொல்லாதீர்கள். அவர்களே அடித்துக்கொள்ளட்டும். நான் அந்த நேரத்தில்தான் டீ போடக் கீழே இறங்குவேன்.