ஹீட்டர் வேண்டாம், பங்குனி போதும்: ஹாட் யோகா தொடங்குவது எப்படி?

சென்னையில் ஹாட் யோகா வகுப்பென்றால் கதவைச் சாத்தி ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்குகிறார்கள். நகரி, திருத்தணி, புத்தூர்ப் பக்கம் இருக்கிற நமக்கு அந்தச் செலவே இல்லை. பங்குனி பிறந்தால் மாடி அறை தானாகக் கொதிக்க ஆரம்பித்துவிடும். நம் ஊரில் பழகுகிறவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்தச் சூட்டை அளவோடு வைப்பதுதான்.

இந்த முறையை உலகத்துக்குப் பரப்பியவர் கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி. 1970களில் அமெரிக்காவில் பிரபலமாக்கினார். 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி, 90 நிமிடம், சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடு, 40 சதவீத ஈரப்பதம் என்பது அவருடைய கணக்கு. அந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிதாக வருகிறவர் 90 நிமிடத்தையும் 40 டிகிரியையும் மறந்துவிடலாம்.

படி 1: முதலில் உங்கள் உடம்பைக் கேளுங்கள்

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், முன்பு வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் இதற்கு வர வேண்டாம். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரைக் கூட்டும் மாத்திரை என்றால் இன்னும் ஜாக்கிரதை. வியர்வையும் சேர்ந்துகொண்டால் உடம்பில் நீர் வேகமாக வற்றிவிடும்.

படி 2: சூடில்லாமல் பழகுங்கள்

இரண்டு வாரம் விடியற்காலையில், சாதாரண அறையில் ஆசனங்களைப் பழகுங்கள். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். சூட்டில் தசை இளகியதுபோலத் தெரியும். நேற்று முழங்காலைத் தாண்டாத கை இன்று பாதத்தைத் தொடும். அந்த உற்சாகத்தில் இழுத்தால் தசைநார் பிடித்துக்கொள்ளும். எலும்பு முறிந்தால் கட்டுப் போடப் பக்கத்திலேயே புத்தூர் இருக்கிறது என்ற தைரியம் இதற்கு உதவாது. சூடில்லாதபோது எவ்வளவு குனிந்தீர்களோ, சூட்டிலும் அவ்வளவே குனியுங்கள்.

படி 3: அறையும் நேரமும்

கடையில் ஒரு சின்ன வெப்பமானி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். 30 முதல் 32 டிகிரியில் தொடங்குவது நல்லது. பங்குனி, சித்திரையில் காலை எட்டு மணிக்கே அது வந்துவிடும். சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் உச்சி வேளையில் செய்யவே செய்யாதீர்கள். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். வியர்வை ஆவியாகப் போனால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஈரம் மிகுந்தால் அது ஆவியாகாமல் தரையில் சொட்டும். மழைக்கால ஈரத்தில் 32 டிகிரிகூடக் கடினமாகத் தெரிவது அதனால்தான். மார்கழிக் குளிரில் ஆசைப்பட்டுக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

படி 4: சாப்பாடும் தண்ணீரும்

களியும் கறிக்குழம்பும் சாப்பிட்டால் மூன்று மணி நேரமாவது விடுங்கள். தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து வாருங்கள், கடைசி நிமிடத்தில் ஒரு சொம்பைக் கவிழ்த்தால் வயிறு குலுங்கும். வழுக்காமல் இருக்க யோகா பாயின் மேல் பருத்தித் துண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

படி 5: முதல் நாள், 20 நிமிடம்

நின்றபடி நிதானமாக மூச்சை இழுத்து விடுங்கள். பிறகு அர்த்த சந்திராசனம் (கைகளை மேலே கோத்துப் பக்கவாட்டில் வளைவது), உட்கடாசனம் (நாற்காலியில் உட்காருவதுபோல் முழங்காலை மடக்குவது), விருட்சாசனம் (மரம்போல் ஒற்றைக் காலில் நிற்பது). சுவரோரம் நின்றால் பிடிமானம் கிடைக்கும். தரையில் பவனமுக்தாசனம் (மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு அணைப்பது), புஜங்காசனம் (குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது). ஒவ்வொன்றுக்கும் நடுவில் சவாசனத்தில் படுத்து மூச்சு சீராகும் வரை காத்திருங்கள். முதுகைப் பின்னால் வளைக்கும் உஷ்டிராசனத்தைத் தள்ளிப்போடுங்கள், சூட்டில் அது பலருக்குத் தலைசுற்றலைத் தரும். மூக்கால் மூச்சு விட முடியவில்லை, வாய் திறந்துவிட்டது என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

படி 6: எப்போது நிறுத்துவது?

கிறுகிறுப்பு, குமட்டல், தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, இவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. வெளியே வந்து நிழலில் படுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், காற்று வாங்குங்கள். பேச்சு குழறினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிரவையுங்கள். இதனால்தான் தொடக்கத்தில் தனியாகச் செய்யக் கூடாது என்கிறேன். வீட்டில் யாராவது குரல் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

படி 7: முடிந்த பிறகு

தராசில் ஏறினால் எடை குறைந்திருக்கும். அது கொழுப்பு இல்லை, வெறும் தண்ணீர். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குடித்து ஈடு செய்யுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் நன்றாக வேலை செய்யும், பிரஷர்காரர்கள் உப்பில் கைவைக்கும் முன் யோசியுங்கள். "வியர்வையில் நஞ்செல்லாம் வெளியேறும்" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பிறகு நேரத்தை வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். நேரத்தையும் சூட்டையும் ஒரே வாரத்தில் ஏற்றாதீர்கள். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எட்டு மணியை விட்டுவிட்டு ஐந்தரைக்கே யோகா பாயை விரித்துவிடுங்கள். அந்த நேரத்து அறைச் சூடே அன்றைக்குப் போதுமானது.