பழைய மொக் ட்ராஃப்டுக்குப் புள்ளி போடுவது எப்படி

நடந்து முடிந்த பிறகு எல்லோரும் சாத்திரிதான். குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) மஹோம்ஸ் பெரிய ஆளாக வருவார் என்று 2017இலேயே தனக்குத் தெரியும் என்று சொல்லாத என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்போல் லீக்) ரசிகனை வெள்ளவத்தையில் இன்றைக்குத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அந்த வருடம், டீம்கள் புது ஆட்களை வரிசையாக எடுக்கிற ட்ராஃப்டில், சிக்காகோ பெயார்ஸ் ஆள் எடுக்கிற வேறு வாய்ப்புகளைக் கூடுதலாகக் கொடுத்து மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறி எடுத்தது மிட்செல் ட்ருபிஸ்கி என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை. மஹோம்ஸ் போனது பத்தாவதாக, அதுவும் கன்சாஸ் சிட்டி 27ஆம் இடத்திலிருந்து ஏறி வந்து எடுத்ததால். அப்போது யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்க ஒரு ஒழுங்கான முறை வேண்டும்.

(புதிதாக வருகிறவர்களுக்கு: இது அமெரிக்கன் ஃபுட்போல், ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாங்கள் பார்க்கிறது இல்லை. 32 டீம், ஏழு ரவுண்ட், கல்லூரியில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக எடுப்பார்கள். போன சீசனில் மோசமாகத் தோற்ற டீமுக்கு முதல் இடம். யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே போடுகிற பட்டியல்தான் மொக் ட்ராஃப்ட்.)

முதலில் ஸ்க்ரீன்ஷொட். முதல் ரவுண்ட் ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் நேரத்துக்குக் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும். அதனால் வியாழன் இரவு படுக்கப் போகுமுன் திகதி தெரிகிற மாதிரி எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஆளுக்கு ஒரு பட்டியல், கடைசியாகப் போட்டது மட்டும். ஜனவரியிலிருந்து பத்து மொக் போட்டவருக்குப் பத்தில் ஒன்று எப்படியும் சரிவரும், பிறகு அதை மட்டும் தூக்கிக் காட்டுவார்.

அடுத்தது, இரண்டு கேள்விகளைப் பிரிப்பது. இதைச் செய்யாமல் சண்டை பிடிப்பதால்தான் பாதி வாக்குவாதம் முடிவதே இல்லை. எந்த டீம் யாரை எடுக்கும் என்பது ஒரு கேள்வி, எடுத்த ஆள் நன்றாக விளையாடுவாரா என்பது வேறு கேள்வி. பெயார்ஸ் ட்ருபிஸ்கியை எடுக்கும் என்று எழுதியவர் முதல் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்குகிறார், அவருடைய விளையாட்டு பிறகு எப்படிப் போனாலும் சரி. தாளில் இரண்டு கட்டம் போடுங்கள், ஒன்றை மற்றதோடு கலக்க வேண்டாம்.

முதல் கட்டத்துக்கு நான் போடுகிற கணக்கு லேசானது. ஆள் முதல் ரவுண்டில் போவார் என்றது சரியென்றால் 1, டீமும் சரியென்றால் 3. எத்தனையாவது இடம் என்பதற்குப் புள்ளியே இல்லை, ஏனென்றால் ஒரு ட்ரேட் (டீம்கள் இடம் மாற்றிக்கொள்வது) நடந்தால் இலக்கமெல்லாம் மாறிவிடும், அதற்குப் பட்டியல் போட்டவர் என்ன செய்வார். ஆனால் ஊரே சொன்னதைச் சொன்னவருக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். 2024இல் கேலப் வில்லியம்ஸ் முதலாவதாக பெயார்ஸுக்குப் போவார் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதே இரவில் அட்லாண்டா எட்டாவது இடத்தில் குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. சில வாரங்களுக்கு முன்தான் கேர்க் கஸின்ஸ் என்ற குவாட்டர்பேக்குக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்திருந்த டீம் அது. அதைச் சொன்னவர் யாராவது இருந்தால் எழும்பி நின்று கை தட்டலாம்.

பிறகு, அன்றைக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது. 2016இல் லரமி டன்சிலைப் பலர் முதல் பத்துக்குள் வைத்திருந்தார்கள். ட்ராஃப்ட் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது அவர் முகமூடி போட்டுப் புகைக்கிற வீடியோ அவருடைய ட்விட்டர் கணக்கிலேயே வந்தது, ஆள் 13ஆம் இடம் வரை சறுக்கினார். அதற்கு யாரையும் குறை சொல்லக்கூடாது, அந்தப் பெயரை அடித்துவிட்டு மற்றதைக் கூட்டுங்கள். விளையாட்டுப் பக்கத்திலும் இதே விதிதான். 1995இல் முதலாவதாகப் போன கி-ஜானா கார்ட்டருக்கு சீசன் தொடங்குமுன்னரே முழங்கால் போய்விட்டது, அதை எந்தக் கொம்பனும் முன்பே சொல்லியிருக்க முடியாது. 2020 ட்ராஃப்டில் போன டுவா டகோவைலோவாவின் இடுப்புக் காயம் அப்படியில்லை. அது 2019 நவம்பரிலேயே எல்லோருக்கும் தெரியும், கணக்கில் எடுக்காதவருக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை.

இனி இரண்டாவது கட்டம், இதுதான் சுவாரசியம். 2018ஐ எடுத்துப் பழகுங்கள், அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. முதல் ரவுண்டில் ஐந்து குவாட்டர்பேக்: மேஃபீல்ட் 1, டார்னல்ட் 3, ஜொஷ் அலன் 7, ரோசன் 10, லமார் ஜக்சன் 32. அலன் வயோமிங்கில் எறிந்த பந்துகளில் போய்ச் சேர்ந்தது 56 வீதம் மட்டும், ஆகவே குறி சரியில்லை, தேற மாட்டார் என்று எழுதினார்கள். என்எஃப்எல்லில் முதல் சீசனில் அது 53க்கும் கீழே போனது. அதே ஆள் 2024 சீசனில் எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த வீரர். தேற மாட்டார் என்று எழுதியவருக்கு இப்போது என்ன புள்ளி? முடிவு பிழை, காரணம் சரி. ஆள் உயரம், கை பலம், அதனால் வெல்வார் என்று எழுதியவருக்கு முடிவு சரி, காரணம் அரைகுறை, ஏனென்றால் உயரமும் கை பலமும் இருந்து ஒன்றுமில்லாமல் போனவர்கள் ஏராளம், 2007இல் முதலாவதாகப் போன ஜமார்கஸ் ரஸல் உட்பட. என் கணக்கில் முதலாமவருக்குப் பாதிப் புள்ளி உண்டு. சிலருக்கு இது பிடிக்காது, ஸ்காபரோவில் இருக்கிற, அலனின் டீமான பஃபலோவின் ரசிகர்களான மச்சான்மாருக்குக் கட்டாயம் பிடிக்காது.

லமாரை ரிசீவராக (எறிகிற பந்தைப் பிடிக்கிறவர்) மாற்றச் சொன்னவர்களுக்கு அந்தச் சலுகையும் வேண்டாம். அவர் கல்லூரியில் குவாட்டர்பேக்காக என்ன செய்தார் என்பது வீடியோவில் இருந்தது, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான 2016இன் ஹைஸ்மன் விருதே வாங்கியவர். ரோசன் விஷயம் இன்னும் சிக்கல். ஒரே சீசனில் அரிசோனா அவரைக் கைகழுவிவிட்டு இன்னொரு குவாட்டர்பேக்கான கைலர் மரேயை எடுத்தது. ஒரு வருடத்தில் கோச்சையும் மாற்றிய டீமில் விழுந்தவருடைய தோல்வியில் எவ்வளவு அவருடையது என்று பிரிக்கவே முடியாது, கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

‘கட்டாயம்’, ‘நிச்சயம்’ என்று எழுதுகிறவர்களிடம் அடுத்த முறை இலக்கம் கேளுங்கள். 70 வீதம் என்று பத்துப் பேரைப் பற்றிச் சொன்னால் ஏழு பேர் அளவில் சரிவர வேண்டும். பத்தும் சரிவந்தால் அவர் தேவையில்லாமல் பயந்திருக்கிறார், நாலுதான் வந்தால் வாய்ச் சவடால்.

எப்போது கூட்டுவது? முதல் கட்டத்தை அடுத்த திங்கட்கிழமையே முடிக்கலாம். 2025இல் பலர் முதல் ரவுண்டில் வைத்த ஷடூர் சாண்டர்ஸ் 144ஆவதாகப் போனார், அதற்குப் புள்ளி இல்லை என்று உடனே எழுதிவிடலாம். இரண்டாவது கட்டத்துக்கு மூன்று சீசன் காத்திருங்கள். முதல் ரவுண்டில் எடுத்தவரை ஐந்தாம் வருடத்துக்கும் வைத்திருப்பதா என்று டீமே அப்போதுதான் முடிவெடுக்கும், 2025 ஆட்களுக்கு அது 2028 மே. கொத்து ரொட்டிக்குப் பந்தயம் கட்டுவதென்றால் முதல் கட்டத்துக்கு மட்டும் கட்டுங்கள், மூன்று வருடத்தில் குழுவில் பாதிப் பேர் கனடா போய்விடுவார்கள்.