'ஐ' என்று தொடங்கும் வாக்கியத்தில் 'டு', 'ஃபார்', 'அட்' எங்கே வரும்?

நாலு வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு நேர்காணல். இரவு ஷிப்ட் வேலை. அதற்கு முன் இரண்டு வருடம் இரவில்தான் வேலை பார்த்திருந்தேன், எனக்கு அது பழகிப்போன விஷயம். அதைச் சொல்ல நினைத்து, "ஐ யூஸ்டு டு ஒர்க் அட் நைட்" என்றேன். எதிரே இருந்தவர், "அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 'முன்பு இரவில் வேலை பார்த்தேன், இப்போது பார்ப்பதில்லை' என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டியது, "ஐ ஆம் யூஸ்டு டு ஒர்க்கிங் அட் நைட்". அன்றைக்கு வாங்கிய நாற்பது பக்க நோட்டில் எழுதியவற்றைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். காலங்கள், ஒருமை பன்மை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: வேற்றுமை உருபை மொழிபெயர்ப்பதை நிறுத்துங்கள்

நாம் மனசுக்குள் தமிழில் வாக்கியத்தை அமைத்துவிட்டு, 'கு' வந்தால் டு, 'இல்' வந்தால் இன், 'மேல்' வந்தால் ஆன் என்று மாற்றிவிடுகிறோம். சில இடங்களில் சரியாக அமையும். 'எனக்கு அவன் மேல் கோபம்' என்பது "ஐ ஆம் ஆங்ரி ஆன் ஹிம்" ஆகும்போது மாட்டிக்கொள்வோம். அங்கே வர வேண்டியது வித்: "ஐ ஆம் ஆங்ரி வித் ஹிம்".

தமிழிலும் உருபைத் தீர்மானிப்பது வினைச்சொல்தான். 'நாய்க்குப் பயப்படுகிறேன்' என்கிறோம், 'உன்னை நம்புகிறேன்' என்கிறோம், 'அண்ணனிடம் கேட்டேன்' என்கிறோம். இதில் ஏன் கு, ஏன் ஐ, ஏன் இடம் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. அந்தந்த வினையோடு சேர்த்தே காதில் விழுந்தது. ஆங்கிலத்தையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். 'வெய்ட்' என்று தனியாக எழுதாதீர்கள், 'வெய்ட் ஃபார்' என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். அதையும் உங்கள் சொந்த வாக்கியமாக, 'நான்' என்று பொருள்படும் ஆங்கில ஐ போட்டு எழுதுங்கள்: "ஐ ஆம் வெய்ட்டிங் ஃபார் தி தேனி பஸ்."

இரண்டாம் படி: ஒன்றுமே வேண்டாத வினைகள்

நோட்டின் முதல் பக்கத்தை இவற்றுக்கு ஒதுக்குங்கள். நம் ஊரில் அதிகம் நடக்கும் தப்பு இங்கேதான்.

"ஐ ரீச்டு மாட்டுத்தாவணி அட் சிக்ஸ்." ரீச்சுக்குப் பிறகு டு கிடையாது. அதே பொருள் தரும் அரைவ் மட்டும் ஒன்றைக் கேட்கும்: பஸ் ஸ்டாண்ட் என்றால் "ஐ அரைவ்டு அட் மாட்டுத்தாவணி", ஊர் என்றால் "ஐ அரைவ்டு இன் மதுரை".

"ஐ டிஸ்கஸ்டு தி ரென்ட் வித் தி ஓனர்." வாடகையைப் பற்றித்தான் பேசினீர்கள், ஆனாலும் அபௌட் வராது. "ஐ ஆர்டர்டு டூ தோசாஸ்", ஃபார் வேண்டாம். "ஐ என்டர்டு தி டெம்பிள்", இன்டு வேண்டாம். "ஐ டோல்டு மை பிரதர்", டு வேண்டாம். ஆனால் செட் வந்தால் "ஐ செட் டு மை பிரதர்". எக்ஸ்பிளெயினும் செட் கட்சிதான்: "ஐ எக்ஸ்பிளெயின்டு தி பிராப்ளம் டு ஹிம்". "ஐ எக்ஸ்பிளெயின்டு ஹிம்" என்று நிறுத்தினால் அவரையே விளக்கிவிட்டதாக ஆகும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பல நாள் யோசித்தேன். வினைக்கு வேண்டாதது, அதே சொல் பெயராக மாறும்போது வந்துவிடுகிறது. "ஐ ரிக்வெஸ்டட் லீவ்" சரி, "ஐ மேட் எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" என்பதும் சரி. "ஐ விசிட்டட் அழகர்கோவில்", "மை விசிட் டு அழகர்கோவில்". பெயரோடு கேட்ட ஃபாரையும் டுவையும் காது வினைக்குப் பின்னாலும் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

மூன்றாம் படி: கூடவே வருபவை

இவற்றைத் தினமும் ஐந்து வீதம் எழுதினால் போதும். "ஐ லிசன் டு தி ரேடியோ." "ஐ டிபென்ட் ஆன் மை சேலரி." "ஐ ஆம் அஃப்ரெய்டு ஆஃப் டாக்ஸ்." "ஐ ஆம் குட் அட் மேத்ஸ்", கணக்கில் என்பதால் இன் போட்டுவிடாதீர்கள். "ஐ கோப் வித் தி ஹீட்", நடுவில் அப் வேண்டாம். வேலைக்கு விண்ணப்பிப்பது "ஐ அப்ளைடு ஃபார் தி ஜாப்".

நான்காம் படி: இரண்டு 'டு' இருக்கிறது

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். 'ஐ வான்ட் டு கோ' என்பதில் டு அடுத்து வரும் கோவைச் சேர்ந்தது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு', அதாவது 'ஆவலோடு எதிர்பார்க்கிறேன்' என்பதில் டு முன்னால் இருப்பதைச் சேர்ந்தது. முதல் டுவுக்குப் பின் வெறும் வினை. இரண்டாவதற்குப் பின் வினை வந்தால் இங் சேர வேண்டும்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டுவுக்குப் பிறகு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்டு டு தி பெஸ்டிவல்" நிற்கிறது. அப்படியானால் "ஐ லுக் ஃபார்வர்டு டு சீயிங் தி பெஸ்டிவல்". "ஐ வான்ட் டு தி பெஸ்டிவல்" நிற்கவில்லை. அப்படியானால் "ஐ வான்ட் டு சீ".

இப்போது என் நேர்காணல் வாக்கியத்துக்கு வாருங்கள். "ஐ ஆம் யூஸ்டு டு தி ஹீட்", மதுரை வெயில் எனக்குப் பழகிவிட்டது, நிற்கிறது. ஆகவே "ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங் இன் தி ஹீட்". ஆம் இல்லாமல் "ஐ யூஸ்டு டு தி ஹீட்" என்று சொல்லவே முடியாது. ஆகவே "ஐ யூஸ்டு டு வாக் அரௌண்டு தெப்பக்குளம்": முன்பு நடந்தேன், இப்போது இல்லை. ஒரு சின்ன 'ஆம்' வாக்கியத்தையே புரட்டிப்போடுகிறது. ஆட்டோவில் கூடுதல் கட்டணத்துக்கு மறுப்புச் சொல்வதும் இந்த வகைதான்: "ஐ அப்ஜெக்ட் டு பேயிங் எக்ஸ்ட்ரா".

எதில் பார்ப்பது

ஆங்கிலம்–தமிழ் அகராதி இதற்கு உதவாது, பெரும்பாலும் பொருளோடு நின்றுவிடும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் இணையத்தில் இலவசம். நான் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம். அதைத் தொடங்கிய ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். 1942-ல் அங்கே வெளியான அகராதிதான் 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. ஒரு வினைக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்பதை 25 வாய்பாடுகளாகப் பிரித்துக் காட்டினார். நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களை மனதில் வைத்துச் செய்த வேலை அது. மொபைல் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சரியானதைத் தொட்டுவிட்டுப் போய்விடுவோம், கையால் எழுதினால்தான் மனசில் தங்குகிறது.

பின்சேர்க்கை

வாசகர் ஒருவர் நான்காம் படியில் ஓட்டை கண்டுபிடித்தார். "ஐ வென்ட் டு தி மார்க்கெட்" நிற்கிறதே, அப்படியானால் "ஐ வென்ட் டு பையிங் ஃபிளவர்ஸ்" என்று சொல்லலாமா என்று கேட்டார். கூடாது. அவர் கேள்வி நியாயமானது, நான்தான் விட்டுவிட்டேன். 'மல்லிகைப்பூ வாங்கப் போனேன்' என்பதில் 'வாங்க' என்பது போன நோக்கம். நோக்கத்தைச் சொல்லும் டுவுக்குப் பின் எப்போதும் வெறும் வினைதான்: "ஐ வென்ட் டு பை ஃபிளவர்ஸ்". 'எதற்காக?' என்ற கேள்விக்கு அது பதிலாக இருந்தால் பெயர்ச்சொல் சோதனையை விட்டுவிடுங்கள். அக்ரீயும் சோதனைக்கு அடங்காது: "ஐ அக்ரீடு டு தி பிளான்" உண்டு, "ஐ அக்ரீடு டு கோ" என்பதும் உண்டு. அதை நோட்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.