குளிர்காலத்துக்கு ஆர்வியை நிறுத்தும் முன்: ஃப்ரிட்ஜும் ஐஸ் மேக்கரும்

அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் மானிடோபா போன்ற உறைபனி இடங்களில் ஆர்வியை (சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள பயண வண்டி) குளிர்காலம் முழுக்க வெளியே நிறுத்துகிறவர்கள், குழாய்களில் பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸை (எளிதில் உறையாத திரவம்) ஏற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். வசந்தத்தில் பம்பைப் போட்டால் ஃப்ரிட்ஜின் பின்புறம் ஒழுகும். உடைந்திருப்பது பெரும்பாலும் ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் விடும் சொலினாய்டு வால்வுதான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. வால்வின் பிளாஸ்டிக் உடல் அதைத் தாங்காது.

ஐஸ் மேக்கர் தண்ணீர் கேட்கும் சில நொடிகள் மட்டுமே அந்த வால்வு மின்சாரத்தால் திறக்கும். மற்ற நேரங்களில் ஆன்டிஃப்ரீஸும், தண்ணீரைத் தள்ள ஊதும் கம்ப்ரஸர் காற்றும் அதன் வாசலிலேயே நின்றுவிடும். கழற்றி வடிப்பதுதான் நம்பகமான வழி.

முதலில் ஐஸ் மேக்கரின் கம்பிக் கையை மேலே தூக்கி நிறுத்தி, தட்டிலுள்ள ஐஸைக் கொட்டுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்து, வெளி மின்இணைப்பு, இன்வெர்ட்டர் இரண்டையும் துண்டியுங்கள். ஐஸ் மேக்கருக்குப் போகும் குழாயின் அடைப்பானை மூடி, சமையலறைக் குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்குங்கள். வண்டியின் வெளிப்புறத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள கீழ்த் தட்டியைக் கழற்றினால் வால்வும் கால் அங்குலக் குழாயும் தெரியும். அடியில் ஒரு பாத்திரம் வைத்து, உள்வரும் குழாயையும் ஐஸ் மேக்கருக்கு ஏறும் குழாயையும் கழற்றுங்கள். ஏறும் குழாயில் உள்ள தண்ணீர் தானாகவே கீழே வடியும். வால்வைக் கவிழ்த்து உதறிக் காயவிடுங்கள்.

உள்வரும் குழாயின் நுனியை வாளியில் விட்டு, அடைப்பானைத் திறந்து, மற்றக் குழாய்களோடு சேர்த்து இதிலும் பிங்க் நிறம் வரும்வரை பம்பை ஓட்டலாம். ஆர்விக்கான புரொப்பிலீன் கிளைக்கால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. ஆன்டிஃப்ரீஸை ஐஸ் மேக்கருக்குள் விடச் சொல்பவர்களும் உண்டு. அச்சில் அது சரியாக உறையாமல் கொழகொழவென்று தங்கும், வேண்டாம். கடைசியில் திறந்த நுனிகளை டேப்பால் மூடுங்கள், பூச்சி நுழையாது.

சில வண்டிகளில் இந்தக் குழாயைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை இருக்கும். மின்சாரம் இல்லாத வண்டியில் அதை நம்பிப் பயனில்லை.

வீட்டு வகை ஃப்ரிட்ஜ் என்றால் தண்ணீர் ஃபில்டரைக் கழற்றி, அதன் இடத்தில் பைபாஸ் மூடியை (ஃபில்டர் இல்லாமலே தண்ணீரைக் கடக்கவிடும் மூடி) போடுங்கள். அழுத்தம் போன பிறகு, மின்சாரத்தைத் துண்டிக்கும் முன்பே, குடிநீர் நெம்புகோலை நீர் நிற்கும்வரை அழுத்துங்கள். அதன் வால்வும் மின்சாரத்தில்தான் திறக்கும். அப்படியும் உள்ளே இருக்கும் தொட்டியில் தண்ணீர் மிஞ்சலாம், கையேட்டைப் பாருங்கள்.

பெட்டிக்குள் பனி தானாக உருக ஒரு நாள் விடுங்கள். கத்தி வேண்டாம். அம்மோனியாவில் ஓடும் ஃப்ரிட்ஜில் குளிர்விக்கும் குழாய் துளைபட்டால் முழு அலகையே மாற்ற நேரிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடைத்து, நீர் சொட்டும் தட்டையும் கதவு ரப்பரின் மடிப்புகளையும் உலர்த்துங்கள். கதவை மூடினால் பூஞ்சை பிடிக்கும். கதவு சற்றுத் திறந்திருக்கும்படி தாழ்ப்பாளை மாட்டுங்கள்.

ஃப்ரிட்ஜ் எரிவாயுவில் ஓடுவதாக இருந்தால், அதற்கு வாயு தரும் எல்பி சிலிண்டரை மூடுங்கள். வெளிக் காற்றுத் துளைகளை அடைத்திருந்தால், வசந்தத்தில் ஃப்ரிட்ஜைப் பற்றவைக்கும் முன் அடைப்பை எடுக்க வேண்டும்; ஃப்ரிட்ஜ் சுவிட்சிலேயே ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். உள்வரும் குழாயை வால்வில் மாட்டும் முன் வாளியில் தண்ணீர் விட்டு அலசுங்கள். முதலில் விழும் சில தட்டு ஐஸைக் கொட்டிவிடுங்கள்.