யாளியைக் காலடியிலிருந்து பாருங்கள்

சிங்க உடலோடு வேறு விலங்குகளின் உறுப்புகளும் கலந்த கோயில் சிற்ப விலங்குதான் யாளி. அது செதுக்கப்பட்ட தூண் முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பிதுங்கிய கண், திறந்த வாய், கோரைப்பல் என்று ஒரு பார்வை, அப்புறம் சந்நிதியை நோக்கி நடந்துவிடுகிறார்கள். மதுரையில் ஓவியம் படிக்க வரும் பிள்ளைகளை யாளி வரைய அழைத்துப்போகும்போது நான் முதலில் சொல்வது இதுதான்: முகம் கடைசியில் வரட்டும், காலடியில் ஆரம்பியுங்கள்.

காலடியில் என்ன இருக்கிறது? நாயக்கர் காலத்துத் தூண்கள் பலவற்றில் அங்கே ஒரு யானை இருக்கும். யாளி பின்னங்காலில் எழுந்து நிற்க, அதன் கீழே மிகச் சிறியதாக யானை. சில தூண்களில் யாளிக்கே தும்பிக்கை இருக்கும். அது கீழே வளைந்து யானையின் தும்பிக்கையோடு பின்னிக்கொள்ளும். நிலத்தில் வாழும் விலங்குகளிலேயே பெரியதைச் சிறியதாக்கிக் காலடியில் வைத்துவிட்டால், மேலே நிற்பது எவ்வளவு பெரியது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. சிற்பி தரும் அளவுகோல் அந்த யானைதான். அதைப் பார்க்காமல் முகத்துக்குப் போனால் பாதி யாளியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

இந்த யானை திடீரென்று கல்லில் வந்ததல்ல. சங்கப் பாடல்களிலேயே ஆளி என்ற பெயரில் இந்த விலங்கு யானையை வேட்டையாடுகிறது. அகநானூற்றுப் பாடல் ஒன்றில் அது யானையின் தந்தத்தைப் பிடுங்கி அதன் குருத்தைத் தின்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் இளவயதில் வெண்ணியில் இரண்டு வேந்தர்களை வென்றதைச் சொல்லும்போது, பால்குடி மறக்காத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றது போல என்கிறார் புலவர். தூணருகே உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். பாட்டு முதலில், கல் பல நூற்றாண்டுகள் கழித்து. சொல்லில் இருந்த வேட்டையை உளிக்காரர்கள் கருங்கல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அடுத்து பாதம். குளம்பு இருந்தால் அது குதிரைத் தூண், நகம் இருந்தால் யாளி. திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்து எழும் குதிரைகளையும், மேலே அமர்ந்து ஈட்டியால் குத்தும் வீரர்களையும் யாளி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் குதிரை, யாளி இரண்டுமே இருப்பதால் பிரித்துப் பார்த்துப் பழக அது நல்ல இடம்.

பாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு உறுப்பாக, இது எந்த விலங்கிடமிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே மேலே போங்கள். உடலும் பிடரியும் சிங்கம். முகமும் சிங்கமானால் சிம்ம யாளி. தும்பிக்கையும் தந்தமும் வந்தால் யானை யாளி. முதலை வாய் போன்ற மகர முகமும் உண்டு. தலையில் சுருண்ட கொம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில யாளிகளின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். உருளும், ஆனால் வெளியே வராது. சேலம் மாவட்டம் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் பார்க்கலாம். உருண்டை வெளியிலிருந்து போட்டதல்ல. பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, அதே கல்லிலிருந்து உள்ளேயே செதுக்கிப் பிரித்தது. பல் ஒன்று உடைந்திருந்தால் அத்தனை உழைப்பும் போயிருக்கும். கையை விட்டு உருட்டிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். எத்தனையோ விரல்கள் பட்டுத் தேய்ந்த பற்கள் அவை.

இனி வரைவது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பது ஓவியம் பழகுகிறவர்களுக்கு நல்லதுதான், கண்ணை நம்பியே ஆகவேண்டும். 985 தூண்கள் உள்ள ஆயிரங்கால் மண்டபத்தின் நடுப்பாதையில் இருபுறமும் யாளிகள் வரிசையாக நிற்கின்றன. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தின் முகப்புத் தூண்களில் யாளியும் குதிரையும் வெளிச்சத்திலேயே இருக்கின்றன.

நேர் எதிரே உட்காராதீர்கள். எதிரே இருந்து பார்த்தால் நெஞ்சும் முகமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உடலின் வளைவு மறைந்துவிடும். சற்றுப் பக்கவாட்டில், நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் உட்காருங்கள். தூணில் சாயவேண்டாம். முதலில் தூணின் நேர்க்கோட்டைப் போடுங்கள், யாளி அதோடு ஒரே கல். பிறகு பின்னங்காலிலிருந்து வயிறு, நெஞ்சு, கழுத்து வழியாக நெற்றி வரை வில்லாக வளைந்து ஏறும் ஒரே கோடு. அந்தக் கோடு சரியாக வரும்வரை வேறெதையும் தொடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். அது வந்துவிட்டால் யானையை வையுங்கள், தும்பிக்கைகள் சேரும் இடத்தைக் குறியுங்கள். கண்ணைக் கோடாக வரையாமல், புருவத்தின் கீழிருந்து வெளியே வரும் உருண்டையாக நிழல் கொடுத்து எழுப்புங்கள். பிடரிச் சுருள்கள் எல்லாவற்றையும் வரையத் தேவையில்லை. நாலைந்தை முழுதாகப் போட்டு மற்றதை நிழலில் விட்டால் போதும்.

ஒரு தூண் பழகியபின் காலத்தால் பின்னோக்கிப் போங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் யாளிகள் தூணில் எழுந்து நிற்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் நீண்ட வரிசையாக ஓடுகின்றன. இதற்கு யாளி வரி என்று பெயர். மேலே அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள் குனிந்து பார்க்கவேண்டிய இடம் அது. மாமல்லபுரம் வராக மண்டபத்தில் யாளி உட்கார்ந்த நிலையில், தலையில் தூணைச் சுமக்கிறது. எழுந்து பாயும் நாயக்கர் யாளியைப் பார்த்துவிட்டு அங்கே போனால் அந்தப் பொறுமை மனதைத் தொடுகிறது. எனக்கு அதுவே மிகவும் பிடித்தது.

யாளி உண்மையில் வாழ்ந்த விலங்கு, டைனோசர் போல அழிந்துவிட்டது என்று காணொளிகள் சொல்கின்றன. பிள்ளைகள் அதை நம்பிக் கேட்கிறார்கள். சிங்க உடலும் யானைத் தும்பிக்கையும் கொண்ட எலும்புக்கூடு எங்கும் கிடைத்ததில்லை. அது எனக்கு ஏமாற்றமாகவும் இல்லை. கண்ணால் கண்டதைச் செதுக்குவது ஒரு திறமை. காணாத ஒன்றை, நகம் கல்லை அழுத்துவது வரை நம்பும்படி செதுக்குவது அதைவிடப் பெரிது. அந்தப் பெருமையைச் சிற்பியிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.

கடைசியாக ஒன்று. தூணில் யாளியின் முதுகு கல்லோடு ஒட்டிப்போயிருக்கும், முழு உடலும் தெரியாது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி யாளி வாகனத்தில் மாசி வீதிகளில் வருவதைப் பார்க்கப் போங்கள். கூட்டம் அதிகம் இருக்கும், முன்கூட்டியே போய் இடம்பிடியுங்கள். வாகனம் உங்களைத் தாண்டிய பிறகும் நகராமல் நின்று, வாலும் பின்னுடலும் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். அடுத்தமுறை தூணை வரையும்போது அது உதவும்.